ஒரே கொத்தில் மூன்று நிறம்: இரங்கூன் மல்லியைப் பூக்க வைப்போமா?

மாணவர்களே, உங்கள் தாமானில் மாலை ஏழு மணிக்கு மேல் நடந்து போகும்போது இனிய மணம் வந்தால், பக்கத்து வேலிகளைக் கொஞ்சம் பாருங்கள். ஒரே கொத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என மூன்று நிறப் பூக்கள் தொங்கினால் அது இரங்கூன் மல்லி. மலாய்க்காரர்கள் இதை ஆக்கார் டானி என்பார்கள்.

என் வீட்டிலும் ஒன்றை நட்டேன். ஓராண்டாகியும் ஒரு பூகூட இல்லை. கொடி மட்டும் கூரைவரை ஏறி, மழைநீர்க் குழாயையும் சுற்றிக்கொண்டது. “அறிவியல் வாத்தியார் வீட்டுக் கொடியா இது? பூக்காததை எதுக்கு வச்சிருக்கே, வெட்டிடு” என்று அம்மா சொல்லிவிட்டார்.

வெட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடினேன். தவறெல்லாம் என்னுடையதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யூரியா போட்டேன். யூரியாவில் இருப்பது நைட்ரஜன். அது அதிகமானால் செடி இலையும் தண்டும் வளர்ப்பதிலேயே முனையும், பூ குறைந்துவிடும். பக்கத்து மாமரம் பாதி நாள் நிழல் தந்தது. இந்தக் கொடிக்கோ தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அழகுக்காக வாராவாரம் நுனிகளைக் கத்தரித்தது. இரங்கூன் மல்லி புதுக் கிளைகளின் நுனியில்தான் மொட்டு விடும். மொட்டு வரவேண்டிய இடத்தை நானே வெட்டி எறிந்திருக்கிறேன்!

யூரியாவை நிறுத்தினேன். மாங்கிளைகளைக் கழித்தேன். கொடியை ஒரே ஒருமுறை நன்றாக வெட்டிவிட்டு, பிறகு கத்தரிக்கோலைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் முதல் கொத்து வந்தது. அதன்பின் அம்மா வெட்டுவதைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி அந்த மூன்று நிறங்களுக்கு வருவோம். அவை மூன்று வகைப் பூக்கள் அல்ல, ஒரே பூவின் வயது. மாலையில் விரியும்போது பூ வெள்ளை. மறுநாள் இளஞ்சிவப்பு, அதற்கு அடுத்து அடர்சிவப்பு. இதழ்களில் ஆந்தோசயனின் என்ற நிறமி சேரச் சேர நிறம் ஏறுகிறது. வெள்ளையும் மணமும் இருட்டில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. பூவின் குழல் ஒரு விரல் நீளம் இருக்கும். அதன் அடியிலுள்ள தேனை எட்ட நீண்ட உறிஞ்சுகுழல் வேண்டுமே! நிறம் மாறிய பூக்களைப் பகலில் தேனீக்களும் தேன்சிட்டுகளும் நாடி வரும்.

இதன் பழைய அறிவியல் பெயர் ‘குவிஸ்குவாலிஸ்’. இலத்தீனில் ‘யார்? எப்படிப்பட்டது?’ என்று பொருள். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் செடிக்குப் பொருத்தமான பெயர்தான். இப்போது அறிவியலாளர்கள் இதைக் கொம்பிரெட்டம் இண்டிகம் என்கிறார்கள்.

வளர்க்க விரும்பினால், முற்றிய தண்டு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி ஈரமண்ணில் ஊன்றுங்கள். வேர்ப்பகுதியிலிருந்து வரும் கன்றைப் பிரித்து நடுவது இன்னும் எளிது. ஏறுவதற்கு உறுதியான கம்பி வேண்டும். மெல்லிய மூங்கில் குச்சி தாங்காது. வெட்டும்போது கையுறை போடுங்கள். இலை உதிர்ந்தபின் அதன் காம்பின் அடி முள்போலத் தண்டிலேயே நின்றுவிடும். கொடி மேலே பற்றி ஏற அதுவும் உதவுகிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பெரிய சாடியில் வளர்க்கலாம். ஆனால் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.

காய்த்தால் விதையைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். குடற்புழுவுக்கு நாட்டு மருந்தாக அது பயன்பட்டது உண்மைதான். ஆனால் அதிலுள்ள குவிஸ்குவாலிக் அமிலம் நரம்பு செல்களைத் தூண்டக்கூடியது. அளவு மீறினால் வாந்தியும் விக்கலும் வரும்.

பள்ளி விடுமுறையில் ஒரு சோதனை செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு, விரியப்போகும் பத்து மொட்டுகளில் நூல் கட்டுங்கள். ஐந்தை மட்டும் பூச்சி புகாத மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள். மூன்று நாள், காலையும் மாலையும் நிறத்தைக் குறித்து வாருங்கள். பூச்சியே தொடாத பூவும் சிவக்கிறதா?