குழாயில் உறையும் குருதி

மலைநாட்டில் கொழுந்தெடுப்போர் காலூன்றி நிற்கும் தேயிலைத் தூரடிகளிற் சருகு மண்டிக் கிடக்கும். அச்சருகின் நிறத்தோடு ஒன்றிச் சுருண்டு கிடப்பது, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த ஒரு சிறு விரியன். சிங்களத்தில் அதனைக் குணகட்டுவா என்பர். பாம்பு தீண்டியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், தாதி சிறிது குருதியெடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு அசையாது நிறுத்திவைப்பார். "மருந்து கொடாமல் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?" என உற்றார் பதறுவதுண்டு. அக்காத்திருத்தலே ஒரு சோதனை என்பதை நாம் அறிதல் நன்று.

நமது குருதியிற் பைபிரினோஜன் என்னும் புரதம் கரைந்துள்ளது. காயமேற்பட்டதும் அது நுண்ணிய நூல்களாகி, வலைபோற் பின்னிக் குருதியைக் கட்டியாக்குகின்றது. கண்ணாடியின் பரப்பும் இம்மாற்றத்தைத் தூண்டவல்லது. ஆதலால், ஒன்றிரண்டு மில்லிலீற்றர் குருதியைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பின் ஒருமுறை சரித்துப் பார்க்கின்றனர். குருதி நீர்போல் வழியுமாயின், உறைதற்குரிய பொருளை நஞ்சு தீர்த்துவிட்டது என்பது பொருள். பிளாஸ்ரிக் குழாயும், சவர்க்காரமிட்டுக் கழுவிய குழாயும் பிழையான விடை தரும்.

கண்ணாடி விரியனின் நஞ்சு, உறைதலை அளவின்றித் தூண்டியே அப்பொருளைத் தீர்த்துவிடுகின்றது. இந்நஞ்சு குருதிப்பெருக்கை நிறுத்த உதவுமென 1934 இல் மக்ஃபர்லேன் முதலிய ஆங்கில அறிஞர் ஆராய்ந்து எழுதினர். இன்றும் ஆய்வுகூடச் சோதனையொன்றில் அது பயன்படுகின்றது.

எனினும், குழாயிற் குருதி உறைந்துவிட்டதென்று உடனே வீடு திரும்புதல் தகாது. கண்ணாடி விரியன் தீண்டியோரைக் குறித்து இலங்கையில் நடைபெற்று 2013 இல் வெளியான ஆய்வொன்றில், உறைதற்கேடு உடையோருள் நூற்றுக்கு 40 பேரையே இச்சோதனை காட்டிற்று. சோதனை முறை செவ்வனே பேணப்பட்ட, 2017 இல் வெளியான மற்றோர் ஆய்வில் அத்தொகை 82 ஆயிற்று. இதனாலேயே வைத்தியர்கள் சோதனையை மீண்டும் மீண்டும் செய்விக்கின்றனர். வசதியுள்ள இடங்களில் ஆய்வுகூடத்தில் ஐ.என்.ஆர். எனும் அளவையும் பார்க்கின்றனர். நலமுள்ளவர்க்கு அது ஏறத்தாழ 1 ஆக இருக்கும்.

மலைநாட்டார் அறியவேண்டியது இன்னுமொன்று உண்டு. இந்தியாவிலிருந்து வரும் நஞ்செதிர் மருந்து நான்கு வகைப் பாம்புகளின் நஞ்சுக்கே ஆக்கப்பட்டது. குணகட்டுவா அந்நான்கினுட் சேராது. ஆகவே அதன் கடிக்கு உற்ற துணை இடைவிடாத கவனிப்பே. சிலருக்குச் சிறுநீரகம் பழுதுறுவதால், குருதியுடன் சிறுநீரின் அளவையும் கவனித்தல் வேண்டும்.

நாட்சம்பளம் போகின்றதே என்று, வீக்கம் சிறிது வடிந்தவுடன் லயத்துக்குத் திரும்ப எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். கடியுண்டவர் கயிறு கட்டாமலும், கடிவாயைக் கீறாமலும், அசைவைக் குறைத்து விரைவாக வைத்தியசாலை சேர்க. சேர்ந்தபின், வைத்தியர் விடைகொடுக்கும்வரை அங்கேயே தங்குக.