தீயின் எண்ணும் படையின் எண்ணும்

பூகம்பத்தின் வலிமையைக் குறிக்க எண் உண்டு. புயற்காற்றின் வேகத்தைக் குறிக்கவும் எண் உண்டு. அமெரிக்க நகரங்களிலிருந்து வரும் செய்திகளில் 'மூன்றாம் அபாயமணித் தீ', 'ஐந்தாம் அபாயமணித் தீ' என்னும் தொடர்களைக் காண்போர், தீக்கும் அத்தகைய அளவுகோல் ஒன்று இருப்பதாக எண்ணுவது இயல்பே. உண்மை வேறு. அவ்வெண் தீயின் வெப்பத்தையோ, எரிந்த பரப்பையோ, பொருள் நஷ்டத்தையோ குறிப்பதன்று. அத்தீயை அடக்க எத்தனை வண்டிகளும் வீரர்களும் அழைக்கப்பட்டனர் என்பதையே அது தெரிவிக்கிறது.

இம்முறை தந்தியின் இளமைப் பருவத்தில் தோன்றியது. 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாஸ்டன் நகரில், வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும் மோசஸ் ஃபார்மர் என்னும் பொறியியல் வல்லுநரும் வகுத்த தீ அறிவிப்புத் தந்தி செயலுக்கு வந்தது. தெருக்களில் ஆங்காங்கே பெட்டிகள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அவ்வெண் மின்துடிப்புகளாக மத்திய நிலையத்தை அடையும். அங்கிருந்து நகரின் மணிகள் ஒலிக்கும். மணியோசையை எண்ணியே வீரர்கள் தீ நேர்ந்த இடத்தை அறிந்தனர். குரலைச் சுமக்க இயலாத அக்கம்பியில், 'இங்குள்ளோர் போதவில்லை. இன்னும் அனுப்புக' என்று சொல்வது எவ்வாறு? அதற்கும் மணியே உதவியது. நியூயார்க்கில் இரண்டிரண்டாக ஒலித்தால் இரண்டாம் அழைப்பு. மும்மூன்றாக ஒலித்தால் மூன்றாம் அழைப்பு. பின்னர் வானொலியும் கணிப்பொறியும் வந்தன. மணியோசை ஓய்ந்தது, எண் மட்டும் வழக்கில் நிலைத்துவிட்டது.

முதல் அழைப்புக்கு எவரெவர் செல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். நியூயார்க்கில் கட்டடத் தீ எனில் வழக்கமாக மூன்று பம்பு வண்டிகளும், இரண்டு ஏணி வண்டிகளும், ஓர் உயர் அதிகாரியும் புறப்படுவர். அதன்பின் நிகழ்வதெல்லாம் களத்தில் நிற்கும் அதிகாரியின் தீர்ப்பைப் பொறுத்தது. புகையின் நிறம், காற்றின் திசை, அடுத்துள்ள கட்டடங்கள், உள்ளே சிக்கியோர், கிடைக்கும் நீர் ஆகியவற்றை அவர் சில நிமிடங்களில் கணிக்க வேண்டும். மேலும், அவர் கணிக்க வேண்டியது கண்முன் உள்ள தீயை மட்டுமன்று. இன்னும் பத்து நிமிடங்களில் இருக்கப்போகும் தீயையுமாகும். அழைத்த வண்டி வந்து சேரவும், குழாய் விரித்து நீர் பாய்ச்சவும் நேரம் செல்லுமன்றோ? சுவாசக் கருவி அணிந்து உள்ளே புகுந்த வீரர், உருளையிலுள்ள காற்று தீருமுன் வெளிவந்தாக வேண்டும். அவருக்கு மாற்றாள் ஆயத்தமாக நிற்கவேண்டும். உயர்ந்த மாடிக் கட்டடங்களில் தீ சிறிதாயினும் அழைப்பெண் உயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அழைப்பெண் உயரும்போது பொதுமக்கள் காணாத மற்றொரு வேலையும் நடைபெறுகிறது. தீக்களத்திற்குச் சென்றுவிட்ட வண்டிகளின் நிலையங்கள் வெறுமையாகக் கிடக்கலாகாது. ஆகவே தொலைவிலுள்ள நிலையங்களின் வண்டிகள் அவ்விடங்களுக்கு நகர்த்தப்படுகின்றன. நகரின் வேறொரு மூலையில் மற்றொரு வீடு பற்றிக்கொண்டால் அங்கே செல்வோர் அவர்களே.

ஓர் ஊரின் எண்ணை மற்றோர் ஊரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சிற்றூர் ஒன்றின் மூன்றாம் அழைப்பில் திரளும் படை, பெருநகரின் முதல் அழைப்புக்குக்கூட ஈடாகாதிருக்கலாம். லண்டன் நகரினர் இக்குழப்பத்திற்கு இடமின்றி, தேவைப்படும் பம்பு வண்டிகளின் எண்ணிக்கையையே கூறிவிடுகின்றனர். 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பில் தீப்பற்றியபோது, சில வண்டிகளோடு தொடங்கிய அழைப்பு ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 40 பம்பு வண்டிகளாக உயர்ந்தது. அத்தீயில் 72 பேர் மாண்டனர்.

'அ வகுப்பு', 'ஆ வகுப்பு' என்று தீயணைப்பானின் உருளைமீது காணும் பிரிவு வேறு. அது எரியும் பொருள் திடப்பொருளா, திரவமா, வாயுவா, உலோகமா என்பதைக் குறிப்பது. அழைப்பெண்ணோடு அதற்குத் தொடர்பில்லை.

அழைப்பின் எண் சரியாகச் சென்று சேராவிடில் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்னும் சரக்குக் கப்பல் நின்றிருந்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதில் இருந்தன. பிற்பகல் இரண்டு மணியளவில் புகை எழக் கண்டனர். துறைமுகத்திலிருந்த தீயணைப்புக் குழுவின் தலைவர், வெடிபொருள் இருப்பதை அறிந்ததும், 'இரண்டாம் எண் செய்தி' கொடுக்குமாறு தம் துணைவரைத் தொலைபேசிக்கு விரைந்தனுப்பினார். கடுமையான தீ என்பதற்கு அப்படையில் வழங்கிய குறிச்சொல் அது. துணைவர் கண்ட தொலைபேசியிலோ எண் சுழற்றும் வட்டு இல்லை; இணைப்பாளரின் குரலுக்குக் காத்திருக்க வேண்டும். குரல் வரவில்லை. அவர் அருகிலிருந்த அபாய அறிவிப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். 2.16 மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி எட்டியது. ஆயினும் பெட்டியால் சொல்ல முடிந்தது 'இங்கே தீ' என்பது மட்டுமே. எனவே வழக்கப்படி இரண்டு பம்பு வண்டிகளே புறப்பட்டன. முழு விவரம் தெரிந்த பின்னரே மற்றவை விரைந்தன.

பேரழிவுக்கு இதுவே காரணம் என்பது நியாயமாகாது. பின்னர் பல வண்டிகள் கூடி ஏராளமான நீரைப் பாய்ச்சியும் தீயின் மூலம் அகப்படவில்லை. கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே அமிழ்த்துவதா என்பதில் அதிகாரிகள் ஒருமனப்படவுமில்லை. 4.06 மணிக்குக் கப்பல் வெடித்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் உயிர் நீத்தனர். ஏப்ரல் 14 இன்றும் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக அனுசரிக்கப்படுகிறது. எனினும் தொடக்கத்தின் விலைமதிப்பற்ற நிமிடங்கள், ஒரு சொல் சென்று சேராமையால் கழிந்தன என்பதும் உண்மையே.

இன்று மும்பைப் படை, தீயை நிலை 1, நிலை 2 என்றவாறு எண்ணிட்டு அறிவிக்கிறது. கிராமப்புற நிலையங்கள் பலவற்றிலோ ஒன்றிரண்டு வண்டிகளே உள்ளன. அங்கே இரண்டாம் அழைப்பு என்பது அடுத்த ஊர் நிலையத்தின் உதவியைக் கோருவதே. அவ்வண்டி வந்து சேர நெடுநேரம் ஆகலாம். ஆகையால் 101 அல்லது 112 எண்ணில் பேசுவோரின் முதற்சொற்களுக்கு அங்கே மதிப்பு அதிகம். 'பெரிய தீ' என்று கூறுவதால் நிலைய அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. 'பஞ்சுக் கிடங்கு எரிகிறது. உள்ளே இருவர் உள்ளனர். அடுத்த கட்டடம் பள்ளி. நூறு மீட்டரில் குளம்' என்றால் எத்தனை வண்டிகள் தேவை என்பதை அவர் உடனே தீர்மானிப்பார். குளம், கிணறு, வண்டி செல்லக்கூடிய பாதை ஆகியவற்றைக் காட்டும் படத்தை ஆசிரியர்கள் மாணவர்களைக்கொண்டு வரையச் செய்யலாம். களப்பணியாளர்கள் அதன் பிரதி ஒன்றை அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தில் சேர்ப்பித்து வைக்கலாம்.