பேய்ப்படத்தின் கதைப்பின்னல்: கிணற்றோடு முடியாத கதை



இவ்விலக்கியத் தொடரிலே நாவலின் கதைப்பின்னலையும் நாடகத்தின் கதைப்பின்னலையும் இதுவரை நோக்கினோம். இன்று ஒரு பேய்ப்படத்தை எடுத்துக்கொள்ளப் போகிறேன். "தமிழ் படிப்பிக்கிற மனுசனுக்கு இது என்ன வேலை?" என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். சில காலத்துக்கு முன்னர் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பு மாணவருக்குக் கதைக்கும் கதைப்பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். திடுக்கிடும் சம்பவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அது கதைப்பின்னல் ஆகிவிடாது, பேய்ப்படங்களே அதற்குத் தக்க உதாரணம் என்று சொல்லி வைத்தேன். பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர் எத்தனை பேய்ப்படம் பார்த்திருக்கிறியள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் பார்த்தவை இரண்டோ மூன்றோ. அவையும் முழுமையாக அல்ல. மறுநாள் அவன் கொண்டுவந்து தந்த படந்தான் 'றிங்கு'. பார்த்து முடித்தபின், வகுப்பிலே நான் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

'றிங்கு' 1998ஆம் ஆண்டு வெளியான யப்பானியத் திரைப்படம். கோஜி சுசுக்கி 1991இல் எழுதிய நாவலைத் தழுவி, ஹிரோஷி தக்கஹாஷி திரைக்கதை எழுத, ஹிடியோ நக்காட்டா நெறியாள்கை செய்தார். 2002இல் அமெரிக்கர் இதனை ஆங்கிலத்தில் மீளத் தயாரித்தனர். படத்தின் முடிவைச் சொல்லாமல் அதன் கட்டமைப்பை விளக்க முடியாது. ஆகவே, பார்க்க விரும்புவோர் என்னை மன்னிக்க வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை விளக்கம். "இரவு நாய் குரைத்தது, காலையில் கிழவர் இறந்து கிடந்தார்" என்பது கதை. "இரவு நாய் குரைத்தது, அதைப் பார்க்க இருட்டிலே இறங்கிய கிழவர் காலையில் கிணற்றடியில் இறந்து கிடந்தார்" என்பது கதைப்பின்னல். நிகழ்ச்சிகளைக் காலம் மட்டும் தொடுத்தால் கதை. காரணமும் சேர்ந்து தொடுத்தால் கதைப்பின்னல். பேய்க்கதை எழுதுபவனுக்கு இங்கேதான் சங்கடம். பேய் எதையும் செய்யலாம் என்றால் எதற்கும் காரணம் தேவையில்லை. காரணம் இல்லாதவிடத்துப் பின்னலும் இல்லை. எனவே நல்ல பேய்க்கதை, பேய்க்கும் ஒரு விதியை வகுத்து, அந்த விதியைத் தானும் மீறாதிருக்க வேண்டும்.

'றிங்கு'வின் விதி மிக எளியது. ஒரு வீடியோ கசற் இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு உடனே ஒரு தொலைபேசி அழைப்பு வரும். ஏழு நாட்களில் அவர் இறந்துபோவார். படத்தின் முதற் காட்சியிலேயே இரண்டு பாடசாலைச் சிறுமிகளின் பேச்சினூடாக இந்த விதி நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அவர்களுள் ஒருத்தி சரியாக ஒரு வாரத்துக்கு முன்னர் அதைப் பார்த்தவள். தொலைபேசி மணி அடிக்கிறது. இருவரும் நடுங்குகிறார்கள். பேசுவது வீட்டார்தான். அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிறோம். அதன் பின்னரே அச்சிறுமி இறக்கிறாள். நிம்மதிக்குப் பின்னால் மரணம் வரும் என்பதே இச்சிறு காட்சியின் வடிவம். படம் முழுவதும் இதே வடிவத்திற் பெரிதாக வளரப் போகிறது என்பதை முதன்முறை பார்க்கும்போது நாம் உணர்வதில்லை.

இறந்த சிறுமியின் சிற்றன்னை றெய்கோ ஒரு பத்திரிகையாளர். கணவனைப் பிரிந்து, சிறுவனான மகன் யொய்ச்சியுடன் வாழ்பவள். காரணத்தைத் தேடிச் சென்று, இசுக் குடாநாட்டிலுள்ள ஒரு விடுதியில் அந்தக் கசற்றைத் தானே பார்த்துவிடுகிறாள். தொலைபேசி அடிக்கிறது. அவளுக்கும் ஏழு நாள். இவ்விடத்திலிருந்து படம் துப்பறியும் கதையின் நடையை மேற்கொள்கிறது. ஒவ்வொரு நாளும் திரையிலே திகதி எழுத்தில் வருகிறது. இரத்தமோ அலறலோ அதிகம் இல்லை. அந்தத் திகதியே நம்மை அச்சுறுத்தப் போதுமாகிறது.

அவள் தனது முன்னாட் கணவனான றியூஜியின் உதவியை நாடுகிறாள். அவனும் கசற்றைப் பார்க்கிறான். ஆராய்வதற்காக அவனுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கிறாள். இந்தச் சிறு செயலை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இடையில், ஒருநாள் இரவு சிறுவன் யொய்ச்சியும் கசற்றைப் பார்த்துவிடுகிறான். தேடலுக்கு இருந்த அவசரம் இப்போது இரட்டிப்பாகிறது.

கசற்றிலுள்ள பேச்சு வழக்கைத் தடம் பிடித்து இருவரும் ஒஷிமாத் தீவுக்குப் போகிறார்கள். மிஹாரா எரிமலை வெடிக்கும் என முன்கூட்டிச் சொன்ன சிசுக்கோ என்ற பெண்ணின் கதை அங்கே வெளிப்படுகிறது. இக்குமா என்ற ஆராய்ச்சியாளர் அவளது அதிசய ஆற்றலைப் பத்திரிகையாளர் முன்னிலையில் நிரூபிக்க முயல, அவர்கள் அவளை மோசடிக்காரி என்று கூச்சலிட்டு அவமதிக்கிறார்கள். கூச்சலிட்டவர்களில் ஒருவர் அவ்விடத்திலேயே செத்து விழுகிறார். அவரை மனத்தால் கொன்றவள் சிசுக்கோவின் மகள் சடாகோ. பின்னர் சிசுக்கோ எரிமலையில் விழுந்து உயிர்விடுகிறாள். இக்குமா சடாகோவை அடித்துக் கிணற்றிலே தள்ளி மூடிவிடுகிறார்.

இக்கிளைக்கதை முற்றிலும் கற்பனையன்று என்பது குறிப்பிடத்தக்கது. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புக்குராய் என்ற உளவியலாளர், மிபுனே சிசுக்கோ என்ற பெண்ணைக் கொண்டு 1910இல் இத்தகைய பரிசோதனைகளைப் பகிரங்கமாக நடத்தினார். ஐயமும் ஏளனமும் எழுந்தன. 1911இல் அப்பெண் நஞ்சருந்தி இறந்தாள். கிணற்றிலிருந்து எழும் பெண்ணாவியும் யப்பானியருக்குப் புதிதல்ல. கிணற்றில் எறியப்பட்ட ஒக்கிக்கு என்ற பணிப்பெண்ணின் கதை அவர்களது பழைய நாடக மேடைகளிற் பலமுறை ஆடப்பட்டது. பழைய மரபும் புதிய வீடியோவும் ஒரே கிணற்றிலே சந்திக்கின்றன.

இனிக் கதைப்பின்னலின் மையமான முடிச்சுக்கு வருவோம். விடுதியின் அடியிலே அந்தக் கிணறு இருக்கிறது. றெய்கோவின் ஏழாம் நாள். இருவரும் இறங்கி வாளி வாளியாக நீர் இறைக்கிறார்கள். நேரம் நெருங்குகிறது. றெய்கோவின் கைக்குச் சடாகோவின் எலும்புக்கூடு அகப்படுகிறது. அவள் அதை ஒரு தாயைப்போல் அணைத்துக்கொள்கிறாள். கெடு கடந்துவிடுகிறது, அவள் சாகவில்லை. அநியாயமாய் இறந்தவளின் எலும்பை எடுத்தாயிற்று, ஆவி சாந்தியடைந்தது, கதை முடிந்தது என்று நினைக்கிறோம். நாம் கேட்டு வளர்ந்த கதைகள் அனைத்தும் அப்படித்தான் முடிந்தன. யப்பானியர் கேட்டு வளர்ந்தவையும் பெரும்பாலும் அவ்வாறே.

மறுநாள் றியூஜி தன் வீட்டிலே தனியே இருக்கிறான். தொலைக்காட்சி தானாக ஒளிர்கிறது. திரையில் அந்தக் கிணறு. அதிலிருந்து ஒருத்தி ஏறி வருகிறாள். வந்து, கண்ணாடித் திரையையும் கடந்து அறைக்குள்ளே தவழ்கிறாள். நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டியே அவளது அந்த இயல்பற்ற அசைவைப் பெற்றார்கள். றியூஜி இறக்கிறான். ஆவி சாந்தியடையவில்லை என்றால் றெய்கோ தப்பியது எப்படி?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் நம் முன்னே வைத்த கேள்விகள் இரண்டு. இந்தச் சாபம் யாருடையது என்பது ஒன்று. இதிலிருந்து தப்புவது எப்படி என்பது மற்றது. முதலாவதற்கு விடை கண்டால் இரண்டாவதும் தீரும் என்று நாமாகவே எண்ணிக்கொண்டோம். படம் எந்த இடத்திலும் அப்படி உறுதி தரவில்லை. நமது பழக்கமே நம்மை ஏமாற்றியது. உண்மையான விடையோ முதற் பாதியிலேயே நமது கண்முன் நடந்துவிட்டது. றெய்கோ செய்து றியூஜி செய்யாதது ஒன்றுதான்: அவள் கசற்றைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினாள்.

கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டல், கதையின் போக்குத் தலைகீழாவதும் உண்மை உணரப்படுவதும் ஒருங்கே நிகழ்வதே சிறந்த பின்னல் என்று கூறி, ஈடிப்பசு நாடகத்தை எடுத்துக்காட்டினார். அந்நாடகத்திற் குற்றவாளியைத் தேடுபவனே குற்றவாளி. இப்படத்திலும் விடையைத் தேடுபவளின் கையாலேயே விடை எழுதப்பட்டிருக்கிறது. எதிர்பாராத திருப்பம், ஆனால் திரும்பிப் பார்த்தால் வேறு எவ்வாறும் முடிந்திருக்க முடியாது. இதைத்தான் பேய்ப்படத்தில் இராது என்று நான் வகுப்பிலே சொன்னேன்.

குறையே இல்லையா எனில், உண்டு. றியூஜிக்கும் மறைந்ததை உணரும் ஆற்றல் இருப்பதாக வைத்து, அவன் ஒருவரைத் தொட்டவுடன் பழைய நிகழ்ச்சிகள் காட்சியாக விரியச் செய்கிறார்கள். உழைத்துப் பெறவேண்டிய தடயம் இவ்விடத்தில் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. பின்னலில் இது ஓர் இளகிய இழையே.

நாவலில் இந்தப் பத்திரிகையாளர் ஓர் ஆண். றியூஜி அவரது நண்பன். திரைக்கதையாசிரியர் அவரைத் தனித்து வாழும் தாயாக்கி, றியூஜியை அவளது பழைய கணவனாக்கினார். இந்த மாற்றத்தின் பயன் கடைசி நிமிடங்களிலே புலனாகிறது. மகனுக்கு இன்னும் கெடு இருக்கிறது. அவனைக் காப்பாற்ற, அவன் எடுக்கும் பிரதியை யாராவது பார்க்க வேண்டும். றெய்கோ வீடியோக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு, தன் தந்தைக்குத் தொலைபேசி எடுத்து, யொய்ச்சிக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். கார் இருண்ட வானத்தை நோக்கிப் போகிறது. படம் முடிகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொன்னார். இந்தப் படம் அணங்கிலே தொடங்குகிறது. முடியும்போது நாம் அஞ்சுவது சடாகோவுக்கு அல்ல. காரோட்டிச் செல்லும் அந்தத் தாய்க்கு. அவள் கெட்டவளும் அல்லள் என்பதே கொடுமை.

அந்த முடிவு என்னை ஏன் இவ்வளவு உலுப்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். ஐயா கடுங் காய்ச்சலாகக் கிடந்தார். ஒருநாள் காலை எங்கள் படலையிலே ஒரு கடதாசி செருகியிருந்தது. ஒரு தெய்வத்தின் பேரால் எழுதப்பட்ட அக்கடிதத்தை ஒன்பது பிரதி எழுதி ஒன்பது வீட்டுக்குக் கொடுக்காவிட்டால் வீட்டிலே இழவு விழும் என்று இருந்தது. ஒருவருக்கும் சொல்லாமல், விளக்கு வெளிச்சத்தில் ஒன்பதையும் எழுதினேன். விடியமுன் ஒன்பது படலைகளிற் செருகினேன். ஒன்பதாவது படலை என் கூட்டாளியின் வீடு. வேறு வீடு நினைவுக்கு வரவில்லை. அடுத்த நாள் அவன் விரலெல்லாம் மையோடு, நித்திரை இல்லாத கண்ணோடு வகுப்புக்கு வந்தான். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐயா மருந்தினாலே சுகமானார்.

யப்பானிலும் 1970ஐ ஒட்டிய காலத்தில் இத்தகைய 'துரதிர்ஷ்டக் கடிதங்கள்' பெரிதாகப் பரவின. சடாகோவின் கசற் அந்தக் கடிதத்தின் வழிவந்ததே. இன்று அதே கட்டளை கைத்தொலைபேசியில் வருகிறது. எழுதும் சிரமமும் இல்லை. பயத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் நமக்குக் குறைந்துவிடும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.

அந்த மாணவனிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "நான் சொன்னது பிழை" என்றேன். "சேருக்குப் பயமாக இருந்ததோ?" என்று கேட்டான். "ஓம்" என்றேன். எந்த இடத்தில் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவள் தந்தைக்குத் தொலைபேசி எடுத்த இடம் என்று சொல்லியிருப்பேன்.