நவாரினோ: கடல் தீர்த்த விடுதலைப் போர்

கடல் கைவிட்டால் தரையில் பெற்ற வெற்றியும் நிலைக்காது என்பதற்குக் கிரேக்க விடுதலைப் போர் சான்றாகும். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூதுக்குத் துணையாக, எகிப்திய ஆளுநர் முஹம்மது அலீ பாஷாவின் மைந்தர் இப்ராஹீம் பாஷா 1825இல் மோரியாவில் கரையிறங்கினார். 1826இல் மிசோலோங்கி வீழ்ந்தது. கிளர்ச்சி ஒடுங்கும் தறுவாயில் இருந்தது. ஆயினும் அப்படைக்கான உணவும் வெடிமருந்தும் கடல்வழியே வரவேண்டியிருந்தன.

1827 அக்டோபர் 20ஆம் நாள், நவாரினோ விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற உஸ்மானிய, எகிப்தியக் கப்பல்களைப் பிரிட்டன், பிரான்ஸ், ருஷ்யா ஆகியவற்றின் கூட்டுக் கடற்படை சில மணி நேரத்தில் சிதைத்தது. கூட்டணியினர் ஒரு கப்பலையும் இழக்கவில்லை. தரையில் மேலோங்கி நின்ற இப்ராஹீம், கடல்வழி அடைபட்டு, 1828இல் வெளியேற நேர்ந்தது. தொடர்ந்து மூண்ட ருஷ்யப் போருக்குப்பின், 1830இல் கிரேக்கம் தனிநாடாயிற்று.

இதே அயோனியக் கடலோரம், பிரெவெஸாவில் 1538இல் கைருத்தீன் பார்பரோஸா ஈட்டிய கடலாண்மையைப் பேணத் தவறியது, மோரியாவை இழப்பதில் முடிந்தது.