சீருடை கட்டும் கல்லூரிக் கட்டணம்

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாத பிள்ளைகள் பட்டாளத்தில் சேர்வது புதிதல்ல. 1944 ஜூன் 22-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ‘ஜி.ஐ. பில்’ திறந்துவிட்ட வழி அது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களில் சுமார் 22 லட்சம் பேர் அதன் உதவியால் கல்லூரிக்குப் போனார்கள். ஆனால், தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்க மறுத்தன. ஒரே போரில் நின்றவர்களுக்கு ஒரே பலன் கிடைக்கவில்லை என்பது அந்தச் சட்டத்தின் ஆறாத களங்கம்.

இன்றைய முக்கிய வழி, 2009 ஆகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்த ‘போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்’. மூன்றாண்டு முழுநேரப் பணி செய்தவருக்கு 36 மாதப் படிப்புக்கு உதவி கிடைக்கும். ஆண்டுக்கு ஒன்பது மாத வகுப்பு என்றால் நான்காண்டுப் பட்டத்துக்கு அது சரியாக இருக்கும். அரசுக் கல்லூரியில் உள்மாநிலக் கட்டணம் முழுவதும் அடங்கும். தனியார் கல்லூரிக்கு உச்சவரம்பு உண்டு. வீட்டு வாடகைப் படியும், புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரையும் சேரும். ஆறாண்டு பணிக்குப் பின் மேலும் நான்காண்டுக்கு ஒப்புக்கொள்பவர், இந்த உரிமையை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ மாற்றித் தரலாம்.

பலர் கவனிக்காமல் விடும் நிபந்தனை ஒன்று உண்டு. பணியிலிருந்து விடுவிக்கும் சான்றில் ‘கௌரவமான விடுவிப்பு’ என்று இருக்க வேண்டும். அதற்கு ஒரு படி கீழே இருந்தாலும் இந்தப் படிப்புதவி கிடையாது.

முதலில் படித்து, பிறகு பணி செய்யவும் வழி இருக்கிறது. கல்லூரியிலேயே பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை பெற்றவர் பட்டம் வாங்கியதும் அதிகாரியாகச் சேர வேண்டும். வெஸ்ட் பாயின்ட் போன்ற ராணுவ அகாடமிகளில் கட்டணமே இல்லை. படிப்பு முடிந்ததும் குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் பணி. நடுவில் விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம்.

கோபம் வர வைப்பது வேறொன்று. லாப நோக்கில் நடக்கும் கல்லூரிகள் தங்கள் வருவாயில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசின் மாணவர் உதவியிலிருந்து பெறக் கூடாது என்று விதி இருந்தது. வீரர்களின் உதவித்தொகையோ அந்தக் கணக்கில் வரவில்லை. எனவே அவர்களைச் சேர்க்க அக்கல்லூரிகள் முண்டியடித்தன. நாடெங்கும் கிளைகள் வைத்திருந்த ஐ.டி.டி. டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட் 2016-ல் மூடப்பட்டபோது, அங்கே படித்த முன்னாள் வீரர்களும் பாதியில் நின்றார்கள். மூடிய கல்லூரியில் வீணான உதவி மாதங்களை மீட்டுத்தர 2017-ல் ஒரு சட்டம் வந்தது. 90 சதவீத விதியின் ஓட்டையை அடைக்கும் சட்டமோ 2021-ல்தான் வந்தது. உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த படிப்புக்கு இந்தக் காவல் எப்போதோ வந்திருக்க வேண்டும்.

சேர நினைப்பவர்கள் ஒன்றைக் கறாராகப் பார்க்க வேண்டும்: ஆள்சேர்ப்பு அதிகாரி வாய்மொழியாகச் சொல்லும் சலுகை எதுவும் ஒப்பந்தத் தாளில் எழுதப்படாவிட்டால் செல்லாது.