வெயிலைத் தீ என்று நினைக்கும் கண்

திருமானூரில் எங்கள் வீட்டுத் திண்ணை கிழக்குப் பார்த்தது. காலை பத்து மணிக்கு அக்காள் மகன் தன் தீயணைப்பு ரோபோவை அங்கே இறக்கி வைத்தான். நான்கு சக்கரம், மூளையாக ஒரு ஆர்டுயினோ பலகை, மெழுகுவர்த்தியை ஊதி அணைக்க ஒரு குட்டி விசிறி, முன்னால் ஒரு ஃப்ளேம் சென்சார். சுவிட்சைப் போட்டதுமே விசிறி சுழன்றது. "மாமா, எங்கயுமே நெருப்பு இல்ல. ஆனா இருக்குங்குது" என்றான். அது பார்த்தது வாசலில் விழுந்த வெயிலை.

2023 அக்டோபர் 9 அன்று பக்கத்து விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இந்த ரோபோ நினைப்புதான். வெடிமருந்து பற்றிக்கொண்டால் எந்தச் சக்கர வண்டியும் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும், நெருப்பை ஒரு கருவி எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் அவனுக்கு வந்த அக்கறை எனக்குப் பெரிதாகப் பட்டது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ட்ரினிட்டி கல்லூரி 1994-இல் தொடங்கிய போட்டியிலும் இதே வேலைதான்: வீடு போன்ற ஒரு மாதிரிக்குள் ரோபோ தானே நுழைந்து, மெழுகுவர்த்தியைத் தேடி அணைக்க வேண்டியிருந்தது.

அவன் மாட்டியிருந்த, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சென்சாரின் முனையிலுள்ள கறுப்புக் குமிழ், சிலிக்கானால் ஆன அகச்சிவப்புக் கண். 760 முதல் 1,100 நானோமீட்டர் வரையிலான ஒளிதான் அதற்குத் தெரியும். டியூப்லைட்டும் எல்இடி பல்பும் அந்தப் பட்டையில் அதிகம் எதையும் உமிழாததால் வீட்டுக்குள் தொல்லை குறைவு. மெழுகுவர்த்திச் சுடரில் நாம் காணும் மஞ்சள் ஒளி, ஏறக்குறைய 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் கனலும் கரித்துகள்களிலிருந்து வருகிறது. அந்தச் சூட்டுக்குக் கதிர்வீச்சின் உச்சம் 1,700 நானோமீட்டர் பக்கம் இருக்கும். சிலிக்கானின் பார்வையோ 1,100-இலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே சுடரின் ஓரத்தை மட்டும்தான் அது பிடிக்கிறது. சூரியன் அதே பட்டையில் அள்ளிக் கொட்டுகிறது. சின்னச் சுடர் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

கையில் காசு இருந்தால் வேறு வழி உண்டு. ஜப்பானின் ஹமாமட்சு நிறுவனம் யுவிட்ரான் என்ற பெயரில் விற்கும் வாயுக் குழாய் 185 முதல் 260 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரை மட்டும் உணரும். சூரியனிலிருந்து வரும் அந்தக் கதிரை மேலே ஓசோன் படலமே விழுங்கிவிடுவதால், நடுப்பகலிலும் வெயில் அதற்கு இருட்டு. ஐந்து மீட்டர் தள்ளி ஒரு லைட்டர் சுடரைக்கூடக் கண்டுபிடிக்கும். ஆனால் விலை சில ஆயிரம். 300 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தமும் வேண்டும். பள்ளிப் பிள்ளை கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை இருந்தால் அதன் வெளிச்சத்துக்கும் அது கத்தும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறைத்துவிடுவதால், அரிக்கேன் விளக்குக்குள் எரியும் சுடர் அதன் கண்ணில் படவே படாது.

தொழிற்சாலைகளில் 4.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பைப் பார்க்கும் கருவிகளை வைக்கிறார்கள். எரியும்போது வெளிவரும் சூடான கரியமில வாயு பலமாக ஒளிரும் இடம் அது. சூரியனிலிருந்து வரும் அந்த அலையைக் காற்றிலுள்ள கரியமில வாயுவே உறிஞ்சிவிடும். இவ்வளவு அழகான ஏற்பாடு என்றாலும் நம் கைக்கு எட்டாத விலை.

அதனால் மலிவான சென்சாரையே வைத்துக்கொண்டோம். அதிலுள்ள நீலநிறத் திருகைத் திருப்பி அளவை மாற்றிப் பார்த்தோம். வெயில் தெரியாதபடி வைத்தால் சுடரும் தெரியாமல் போனது. பிறகு 'இருக்கு, இல்லை' என்று மட்டும் சொல்லும் முனையை விட்டுவிட்டு, அனலாக் முனையிலிருந்து எண்ணாக வாசித்தோம். எங்கள் பலகையில் சுடர் நெருங்க நெருங்க எண் குறைந்தது. இது தெரியாமல் அவன் ஒரு மாலை முழுக்க நிரலைத் தலைகீழாக எழுதியிருந்தான். காற்றில் ஆடும் சிறு சுடர் நொடிக்குப் பத்து தடவை போல நடுங்கும். ஒரு மீட்டர் அகலத் தீ ஒன்றிரண்டு தடவைதான். வெயில் நடுங்காது. அரை நொடி வாசித்து, எண் ஆடினால் மட்டும் விசிறியைப் போடு என்று எழுதினான். வெயிலில் விசிறி அடங்கியது. துள்ளிக் குதித்தான்.

மறுநாள் ஆடிக்காற்றில் வாசல் வேப்பமரம் அசைந்தது. இலைகளின் ஊடாக விழுந்த வெயிலும் சுடர்போலவே நடுங்க, விசிறி மறுபடி சுழன்றது.

கடைசியில் கைகொடுத்தது ஒரு பழைய பேனாவின் கறுப்பு மூடி. அடியை அறுத்து, குழாயாக்கிச் சென்சாரின் மேல் மாட்டினான். அறுபது டிகிரி அகலம் பார்த்த கண் இப்போது நேர் எதிரே மட்டும் பார்த்தது. மெழுகுவர்த்தி தரையில்தானே இருக்கும் என்று அவனே சொல்லி, குழாயை நான்கு விரல் கீழே சாய்த்துக் கட்டினான்; வானம் கண்ணில் படாமல் போனது. திண்ணை மூலையில் நிழலில் அகல் ஏற்றி வைத்தோம். ரோபோ இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பியது, மூலையைப் பார்த்து நின்றது, பிறகு மெல்ல நகர்ந்து போய் விசிறியைப் போட்டது. திரியில் புகை மட்டும் எழுந்தது.