கடலோர வீட்டில் போர்டு ஏன் போகிறது?

புதுப்பட்டினத்தில் ஒரு வாஷிங் மெஷின் நின்றுபோனால், பார்க்க வருகிறவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை பெரும்பாலும் "போர்டு போயிடுச்சு" என்பதாகத்தான் இருக்கும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் நகரியத்தை ஒட்டி, கடலுக்கு அருகிலேயே வளர்ந்த ஊர் இது. பக்கத்து அணுமின் நிலையத்தின் முதல் உலை 1984இல் வணிக உற்பத்தியைத் தொடங்கிய காலத்தில் வீட்டு மிக்ஸியையும் கிரைண்டரையும் பிரித்தால் ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச், சில ஒயர்கள், அவ்வளவுதான். இன்றைக்கு ஏசி, ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் என்று எதைத் திறந்தாலும் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு உட்கார்ந்திருக்கிறது. எது பழுதானாலும் பழி அதன்மேல் விழுகிறது. போர்டை மாற்றச் செலவாகும் பணம் சில நேரம் பழைய இயந்திரத்தின் மதிப்பையே தாண்டிவிடும். "இதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்று பேச்சு முடியும். என் வாதம் இதுதான்: போர்டு போய்விட்டது என்பது எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதால்தான் மாற்றிய போர்டும் சில மாதங்களில் மறுபடி போகிறது.

இதைத் துலக்கமாகக் காட்டும் இயந்திரம் நம் அடுப்பங்கரையில் அரிது; அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் தமிழர் வீடுகளில் சகஜம். தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் அது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1963இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு, உள்வெப்பத்தை ஏறக்குறைய 480 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, ஒட்டிக்கிடக்கும் எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பலாக்கிவிடும். பிறகு ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆனால் சுத்தம் முடிந்த கையோடு படுத்துவிடும் ஓவன்களும் உண்டு. கதவு திறக்காது, திரையில் ஓர் எழுத்தும் எண்ணுமாகப் பிழைக்குறி மின்னும். உடனே போர்டுக்கு ஆர்டர் போடுகிறார்கள். போர்டுக்குக் கண் கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். உள்ளே எவ்வளவு சூடு என்று அதற்குச் சொல்வது ஒரு பிளாட்டினம் சென்சார். பல ஓவன்களில் இது பூஜ்ஜியம் டிகிரியில் 1,000 ஓம் மின்தடை காட்டும் வகை; சூடு ஏற ஏறத் தடையும் ஏறும். 30 டிகிரி இருக்கும் அறையில் மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 1,117 ஓம் காட்ட வேண்டும். அதன் ஒயர் வெந்து அறுந்திருந்தால் தடை எல்லையில்லாமல் போகும். உள்ளே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடு என்று போர்டு எண்ணி எல்லாவற்றையும் அணைத்துவிடும். தன் வேலையைச் சரியாகச் செய்த போர்டைத்தான் இங்கே கழற்றி எறிகிறோம். கதவுப் பூட்டின் சுவிட்ச், அதிகச் சூட்டில் துண்டித்துக்கொள்ளும் கட்-அவுட் இரண்டின் கதையும் இதுவேதான். பிழைக்குறி போர்டு கொடுக்கும் புகார். யார்மேல் புகார் என்று விசாரிக்காமல் புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுவது போன்ற காரியம் இது.

நம் கரையில் குற்றவாளி பெரும்பாலும் உப்பு. மரக்காணத்துப் பாத்திகளில் நீர் வற்றி உப்புப் பூக்கிறதே, அதே வேலை அலை உடையும் இடத்திலிருந்து பறந்துவரும் கண்ணுக்குத் தெரியாத துளிகளிலும் நடக்கிறது. கரையை விட்டு உள்ளே போகப்போக காற்றில் உப்பு வேகமாகக் குறையும். அதனால் செங்கல்பட்டு நகரத்து ஏசிக்கும் புதுப்பட்டினத்து மொட்டைமாடி ஏசிக்கும் ஒரே ஆயுள் இருக்காது. உப்பு படிவதால் மட்டும் கெடுதல் வந்துவிடாது; அது காய்ந்திருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதைப் பார்க்காத வீடு இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைகிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே, 33 சதவீத அளவிலேயே, கசிய ஆரம்பிக்கும். போர்டின்மேல் மயிரிழை இடைவெளியில் ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே அந்த உப்புநீர் பாலம் போட்டால், யாரும் தொடாத பட்டன் அழுத்தப்பட்டதாக மெஷின் நினைக்கும். விடியலில் அடம்பிடித்த மெஷின் உச்சிவெயிலில் மெக்கானிக் வந்ததும் ஒழுங்காக ஓடுவதன் காரணம் இதுவாக இருக்கலாம். "எந்த நேரத்தில் இப்படி ஆகிறது?" என்ற கேள்வி மல்டிமீட்டருக்கு முன்னால் வர வேண்டியது.

இந்த நிலையில் போர்டு காப்பாற்றக்கூடியது. செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதை நம் வீட்டுப் பெண்கள் தலைமுறைகளாக அறிவார்கள். போர்டின் கனெக்டர் முனையில் தெரியும் பச்சையும் அதே களிம்புதான். பாத்திரத்துக்குப் புளி போடலாம், போர்டுக்கு ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, அதற்கென்றே விற்கும் காப்புப் பூச்சை அடிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் கரைந்த உலோகம் கோட்டுக்குக் கோடு மெல்லிய இழையாக வளர்ந்து ஷார்ட் ஆகும், அல்லது செம்புக் கோடே அரித்து அறுந்துவிடும். ஏசியின் வெளி யூனிட்டில் இன்னொரு தொல்லை பல்லி. கதகதப்புக்கு உள்ளே நுழைந்து, இரண்டு முனைகளை ஒரே நேரத்தில் மிதித்துக் கருகிக் கிடக்கும்.

அடுத்தது மின்சாரம். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கம்பத்திலோ மீட்டரருகிலோ நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கி வந்துவிடலாம். போர்டின் வாசலில் பொத்தான் போன்ற வேரிஸ்டர் ஒன்று இதற்காகவே நிற்கிறது. தான் வெடித்து ஃபியூஸையும் போக்கி உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். அந்தப் பொத்தானுக்கும் ஃபியூஸுக்கும் சேர்த்து ஆகும் செலவு மிகச் சொற்பம். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு, மின்சாரம் நிலைபெறும்வரை பிளக்கைப் பிடுங்கி வைத்திருப்பதே பெரிய பாதுகாப்பு. எர்த்தும் நியூட்ரலும் சரியில்லாத வீட்டில் எத்தனை போர்டு மாற்றினாலும் வீண்தான்.

முதலில் சோதிக்க வேண்டும் என்பதற்கு மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பு நியாயமற்றது அல்ல. ஒவ்வொரு பாகமாகச் சோதிக்க அரை நாள் ஆகும், அந்த நேரத்துக்கு யார் கூலி தருவது என்கிறார்கள். கழற்றி மாட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது, புதுப் போர்டுக்கு வாரண்டியும் உண்டு. சிப் கருகிய போர்டையும், பிசின் ஊற்றி மூடப்பட்ட போர்டையும் மாற்றத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் சென்சார், கனெக்டர், வோல்டேஜ் மூன்றையும் பார்க்க அரை நாள் தேவையில்லை. அந்தச் சோதனைக்குத் தனியாகக் கூலி கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். பாகத்தை விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, பாகம் விற்கிறார் என்று குறைப்படுவது சரியல்ல.

இன்னொரு மறுப்பு ஆபத்தைப் பற்றியது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. இன்வெர்ட்டர் ஏசியின் கெப்பாசிட்டரில் சுவிட்சை அணைத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மைக்ரோவேவுக்குள் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட், ஆளைக் கொல்லும். வீட்டுக்காரர் திறக்கவே கூடாது. அவர் செய்யக்கூடியது கவனிப்பது: என்ன குறி வந்தது, எந்த நேரம், மழையா, கரண்ட் போய் வந்ததா என்று குறித்து வைத்துச் சொல்வது. திறக்கத் தெரிந்தவருக்கோ சுற்றுப்படமும் உதிரிபாகமும் கிடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம், 2021 முதல் அங்கே விற்கப்படும் வாஷிங் மெஷின்களுக்கு போர்டு உள்ளிட்ட பாகங்களை, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டுகள் பழுதுபார்ப்பவர்களுக்குத் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் ஒரு பிரிவு. அது நல்ல தொடக்கம்தான். ஆனால் பாகம் தராத நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் விதி இல்லாதவரை, சென்னை ரிட்ச்சி தெருவில் தேடி அலைந்து பாகம் வாங்கிவரும் மெக்கானிக்கின் பொறுமைதான் நமக்குத் துணை.

போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவானாலும், கழற்றியதைக் கையில் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கரண்ட் நுழையும் ஓரத்தில் கருகல் இருந்தால் வயர்மேனைக் கூப்பிட்டு நியூட்ரலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கனெக்டர்களில் பச்சை தெரிந்தால் புதுப் போர்டு உள்ளே போகுமுன் பூச்சு அடிக்கவும், யூனிட்டைக் கடல்காற்று நேராக அடிக்காத சுவருக்கு மாற்றவும் சொல்ல வேண்டும். இரண்டுமே இல்லாமல் போர்டு பளிச்சென்று இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் சென்சாரை அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.